சவுத் ஃபெரி: பழையதை மூடி, புதியதைத் திறந்து, மறுபடி பழையதையே திறந்த சுரங்க ரயில் நிலையம்

#1 · சுண்ணாம்புச்சுவர்

நியூயார்க் சுரங்க ரயிலின் சவுத் ஃபெரி நிலையம் பற்றி மற்ற இழைகளில் துண்டு துண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

முதலில் தேதிகள். மன்ஹாட்டனின் தென்முனையில், பௌலிங் கிரீன் நிலையத்துக்குத் தெற்கே, ஐஆர்டி கம்பெனி (நகரின் முதல் சுரங்க ரயிலை நடத்திய தனியார் நிறுவனம்) ரயில் சுற்றித் திரும்பும் வளையம் போட்டு நிலையத்தைத் திறந்தது 1905 ஜூலை 10. ஐஆர்டியின் முதல் பாதை சிட்டி ஹாலில் ஓடத் தொடங்கி (1904 அக்டோபர் 27) ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. அப்போது கட்டணம் 5 சென்ட். 1948 வரை அதேதான். 1918இல் ஏழாவது அவென்யூ பாதை தெற்கே நீண்டு இங்கே வந்து சேர்ந்தது. இன்று 1 என்று நாம் சொல்லும் ரயில் அந்தப் பாதையில் ஓடுவதுதான். வெளி வளையம் அதற்கு, உள் வளையம் பௌலிங் கிரீன் ஷட்டிலுக்கு (இரண்டு நிலையங்களுக்கு நடுவே மட்டும் போய்வரும் குட்டி ரயில்). ஷட்டில் 1977 பிப்ரவரியில் நின்றது. 2009 மார்ச் 16இல் புதிய நிலையம் திறந்தது, பழையது மூடப்பட்டது. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் புதியதை மூழ்கடித்தது. 2013 ஏப்ரல் 4இல் பழையதே மீண்டும் திறந்தது. 2017 ஜூன் 27இல் புதியது திரும்ப வந்தது.

என் கேள்வி இதுதான்: 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்த நிலையம் மூன்றரை ஆண்டில் வீணாக, நூறு வயதைத் தாண்டிய கிழட்டு நிலையம் நான்கு ஆண்டு சேவையைத் தாங்கியது எப்படி? அது வெறும் அதிர்ஷ்டமா, அமைப்பா?

#2 · நாணல்

அடிப்படைக் கேள்வி. பழைய நிலையத்தில் பத்துப் பெட்டி ரயிலில் முதல் ஐந்து பெட்டியின் கதவு மட்டும்தான் திறக்கும் என்கிறார்களே. நூறு வருடத்தில் நடைமேடையை நீட்ட முடியவில்லையா?

#3 · வளைவுமானி

நீட்ட இடமில்லை. ஐஆர்டியின் முதல் பாதையில் லோக்கல் நிலையங்கள் ஐந்து பெட்டிக்கென்றே கட்டப்பட்டவை. ஒரு பெட்டி 51 அடிச் சொச்சம், ஐந்து பெட்டி என்றால் 78 மீட்டர் அளவு. பிற்பாடு மேற்கு மன்ஹாட்டனின் மற்ற நிலையங்களை வெட்டிப் பத்துப் பெட்டிக்கு நீட்டினார்கள். சவுத் ஃபெரியில் நடைமேடையே வளையத்தின் முதுகில் இருக்கிறது. முன்னும் பின்னும் இன்னும் இறுகும் வளைவு, பக்கத்தில் உள் வளையத் தடம், சுற்றிலும் வேறு சுரங்கங்கள்.

நீட்டியிருந்தாலும் இன்னொரு தலைவலி: இடைவெளி. இதைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். எளிமைக்காக வளைவின் ஆரம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு அடியிலுள்ள இரண்டு போகிகளுக்கு (சக்கரத் தொகுதிகளுக்கு) நடுவே 11 மீட்டர், பெட்டி நீளம் 15.5 மீட்டர்.

பெட்டியின் நடுப்பகுதி தடத்திலிருந்து உள்பக்கம் விலகுவது: 11 × 11 ÷ (8 × 60) = 0.25 மீட்டர்.
பெட்டியின் முனை வெளிப்பக்கம் துருத்துவது: (7.75² − 5.5²) ÷ (2 × 60) = அதுவும் 0.25 மீட்டர் அளவு.

நடைமேடை வளைவின் வெளிப்பக்கம் இருந்தால், அதன் விளிம்பு முனைகளில் இடிபடாதபடி 25 செ.மீ. பின்வாங்கியாக வேண்டும். நடுக்கதவோ இன்னொரு 25 செ.மீ. உள்ளே போய்விட்டது. ஆக நடுக்கதவுக்கு எதிரே அரை மீட்டர் பள்ளம், வழக்கமான ஓரிரு அங்குல இடம் தனி. ஒரு குழந்தை முழுசாக உள்ளே போகும் அகலம். அதனால்தான் அங்கே, ரயில் நின்றதும் நடைமேடையிலிருந்து நீண்டு பள்ளத்தை மூடும் இடைவெளிப் பலகைகள்.

போகி இடைவெளி இருமடங்கானால் விலகல் நான்கு மடங்காகும் என்பதைக் கவனியுங்கள். குட்டைப் பெட்டி கொண்ட ஐஆர்டி பாதை என்பதால்தான் இந்த வளையமே சாத்தியமாயிற்று. 75 அடிப் பெட்டி இங்கே நினைத்தே பார்க்க முடியாது.

#4 · சுண்ணாம்புச்சுவர்

இதோடு உள் வளைய நடைமேடையைச் சேர்த்துப் பாருங்கள். அது வளைவின் உள்பக்கம். அங்கே கணக்கு தலைகீழ்: நடுக்கதவு நடைமேடையை ஒட்டி வரும், முனைக் கதவுகள் விலகி நிற்கும். ஐஆர்டி அதற்குப் பலகை எதுவும் போடவில்லை. நடைமேடைக்கும் தடத்துக்கும் நடுவே சுவர் எழுப்பி, நடுக்கதவு வந்து நிற்கும் இடங்களில் மட்டும் வளைவான திறப்பு விட்டார்கள். ஷட்டிலில் நடுக்கதவைத் தனியாகத் திறக்க வசதியுள்ள பெட்டிகள் மட்டுமே ஓட முடிந்தது. சாதாரணப் பெட்டியை அனுப்பினால் முனைக் கதவு திறந்தவுடன் எதிரே சுவர்.

எனக்குப் பிடித்த தீர்வு இதுதான். பலகையில்லை, மோட்டாரில்லை, பழுதாக எதுவுமில்லை. ஆனால் பெட்டி வகையோடு நிலையத்தைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

#5 · கடைசிப்பெட்டி

கதவு விஷயத்தில் ஒரு விளக்கம். ஐந்து பெட்டி மட்டும் திறப்பது ஏதோ சிறப்புக் கருவியால் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நியூயார்க்கில் நடத்துநர் ரயிலின் நடுவில் நிற்பார். பத்துப் பெட்டி ரயிலில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் பக்கத்தில். அவருடைய கட்டுப்பாட்டுப் பலகையில் முன்பகுதிக் கதவுகளுக்குத் தனிப் பொத்தான், பின்பகுதிக்குத் தனி. சவுத் ஃபெரியில் அவர் நிற்குமிடம் சரியாக நடைமேடையின் வால்முனையில் விழும். முன்பகுதிப் பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும்.

வரிசை இப்படி:
ஓட்டுநர் குறிக்கோட்டில் துல்லியமாக நிறுத்த வேண்டும். ஓரிரு அடி பிசகினாலும் பலகையும் கதவும் பொருந்தாது. ரயில் நின்றதை உணர்ந்து பலகைகள் நீளும். அவை நீண்டதைப் பார்த்த பிறகே நடத்துநர் கதவைத் திறப்பார். கிளம்பும்போது கதவு மூடிய பிறகு பலகை உள்ளே போக வேண்டும், போனது உறுதியானால்தான் கிளம்ப அனுமதி.

பலகை மாட்டிக்கொண்டால் மொத்த வளையமும் நின்றுவிடும். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், சக்கரமும் பிரேக்கும் தேயும் இரும்புத்தூள், பயணிகள் சிந்தும் குப்பை எல்லாம் பலகையின் சறுக்குத் தடத்தில்தான் போய்ச் சேரும். தினசரிப் பராமரிப்பு கேட்கிற சாமான் அது.

பின் ஐந்து பெட்டியில் இருப்பவர்கள் ரயிலுக்குள்ளேயே முன்னால் நடந்து வர வேண்டும். 51 அடிப் பெட்டிகளில் முனைக் கதவு பூட்டப்படுவதில்லை என்பதால் அது முடிந்தது.

#6 · நாணல்

அப்படியானால் 1905இல் ஏன் வளையம் போட்டார்கள்? தடம் முடிந்துபோய் ரயில் வந்த வழியே திரும்பும் சாதாரண முட்டு முனையம் கட்டியிருக்கலாமே.

#7 · சுண்ணாம்புச்சுவர்

அன்றைய நிலைமையில் வளையம்தான் புத்திசாலித்தனம். முட்டு முனையத்தில் ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க வேண்டும், கிராஸ்ஓவரில் (ஒரு தடத்திலிருந்து மற்றதுக்கு மாறும் இணைப்பில்) எதிர்த் தடத்தை வெட்டிக் கடக்க வேண்டும். வளையத்தில் அந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. ரயில் சுற்றி வந்து அப்படியே வடக்கே போய்விடும். சிட்டி ஹாலிலும் அதே யோசனைதான். அந்த நிலையம் 1945 டிசம்பர் 31இல் மூடியதற்குக் காரணமும் அதே வளைவுதான்: புதிய பெட்டிகளுக்கு நடுக்கதவு வந்தது, நடைமேடையோ குறுகல், பக்கத்திலேயே புரூக்ளின் பிரிட்ஜ் நிலையம்.

இன்னொன்று, சவுத் ஃபெரியை நிரந்தர முனையமாக யாரும் நினைக்கவில்லை. ஐஆர்டியின் இரண்டாம் ஒப்பந்தமே புரூக்ளின் போவதற்குத்தான். ஜொராலமன் தெருச் சுரங்கம் 1908 ஜனவரியில் ஈஸ்ட் நதியைக் கடந்ததும் முக்கிய ரயில்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. சவுத் ஃபெரிக்குக் கிடைத்தது படகுத்துறைக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். ஸ்டேட்டன் தீவுப் படகு வந்து அணைந்தால் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அத்தனை பேரும் ஐந்து பெட்டிக்குள். பின் ஐந்து பெட்டி காலி.

#8 · வளைவுமானி

ஓசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சில் இரண்டு சக்கரமும் இறுக்கிப் பொருத்தியிருப்பதால் வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டும். ஏதாவது ஒன்று வழுக்கியாக வேண்டும். போகி முழுவதும் பக்கவாட்டிலும் தேயும். அதுதான் காதைக் கிழிக்கும் கீச்சு. விளிம்புக்குக் கிரீஸ் தடவும் கருவி வைத்தால் குறையும், போகாது. அதிகம் தடவினால் தண்டவாளத் தலையில் ஏறிப் பிரேக் வழுக்கும். அளவு பிடிப்பதுதான் வேலை.

#9 · இரும்புப்பூனை

வந்ததற்கு ஒரு எதிர்வாதம் வைக்கிறேன். புதிய நிலையம் தேவையில்லாத செலவு. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு லோயர் மன்ஹாட்டனுக்கென்று மத்திய அரசுப் பணம் வந்தது, செலவழிக்க ஒரு திட்டம் வேண்டியிருந்தது. ஐந்து பெட்டியில் ஏறி இறங்குவது சிரமம்தான். ஆனால் அந்தப் பணத்தில் எத்தனை நிலையங்களுக்கு லிஃப்ட் போட்டிருக்கலாம்?

#10 · ரிலேக்காரன்

சிரமம் ஐந்து பெட்டியோடு நிற்கவில்லை, இரும்புப்பூனை. 1 பாதை முழுவதற்கும் கழுத்துச் சுருக்கு அது.

வளையத்தில் நடைமேடைத் தடம் ஒன்றே ஒன்று. ஒரு ரயில் நின்றால் அடுத்தது சுரங்கத்தில் காத்திருக்கும். வளைவில் வேகம் குறைவு, பலகை நீண்டு திரும்பும் நேரம், பின் பெட்டிக்காரர்கள் நடந்து வரும் நேரம். எல்லாம் சேர்ந்து மணிக்கு 16, 17 ரயிலுக்கு மேல் போகாது. 16 என்றால் 225 விநாடிக்கு ஒன்று. தாமதமாக வந்த ரயிலுக்குச் சரிக்கட்ட அவகாசமும் கிடையாது, நின்றால் பின்னால் வருவதும் நிற்கும்.

புதிய நிலையம் நடுவே ஒரு நடைமேடை, இரண்டு பக்கமும் தடம், வடக்கே கிராஸ்ஓவர். திட்டமிட்ட திறன் மணிக்கு 24. அதாவது 150 விநாடிக்கு ஒரு ரயில், ஒவ்வொரு தடத்துக்கும் 5 நிமிடம். கிராஸ்ஓவரைக் கடந்து உள்ளே வரவும் வெளியேறவும் ஆகும் நேரத்தைக் கழித்தாலும், ஓட்டுநர் 500 அடி நடந்து மறுமுனைக்குப் போக நேரம் மிஞ்சும். தாமதத்தை முனையத்திலேயே விழுங்கிவிடலாம்.

முட்டு முனையத்துக்குக் குறையும் உண்டு. தடத்தின் கடைசியில் முட்டுக்கட்டை இருப்பதால் உள்ளே வரும்போது சிக்னல்கள் வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்கும். முதல் பெட்டி நடைமேடைக்குள் நுழைந்த பிறகும் ஊர்ந்துதான் வர வேண்டும். கடைசிப் பெட்டி கிராஸ்ஓவரை விட்டு விலகும்வரை எதிர் ரயில் கிளம்ப முடியாது.

#11 · பாட்டரிக்கரை

கட்டுமானத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. புதிய நிலையம் பழைய வளையத்தின் அடியிலேயே வருகிறது. 1 ரயிலும் 4, 5 ரயில்களும் மேலே ஓடிக்கொண்டிருக்க, அவற்றின் சுரங்கங்களுக்கு முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே கீழே தோண்டினார்கள். பாட்டரி பூங்காவைப் பகுதி பகுதியாகத் திறந்து தோண்டும் வேலை.

அந்த மண் இயற்கையான மண்ணே அல்ல. மன்ஹாட்டனின் பழைய கிழக்குக் கரை பேர்ல் தெரு அளவில் இருந்தது. வாட்டர் தெரு, ஃப்ரன்ட் தெரு, சவுத் தெரு என்று ஒவ்வொன்றாகக் கடலை நிரப்பி வெளியே தள்ளினார்கள். தெருப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே கரை நகர்ந்தது தெரியும். பூங்காவும் அப்படி நிரப்பிய நிலம்தான். 2005 இறுதியில் தோண்டும்போது காலனிக் காலத்துப் பீரங்கி அரணின் கற்சுவர் கிடைத்தது: ஏறக்குறைய 40 அடி நீளம், 8 அடி தடிமன். பிறகு மேலும் துண்டுகள் வந்தன. வேலையை நிறுத்தித் தொல்லியல் ஆட்கள் பதிவுசெய்த பிறகே தொடர்ந்தார்கள். ஒரு பகுதியை நிலையத்திலேயே சுவரில் பதித்திருக்கிறார்கள்.

#12 · வளைவுமானி

திறப்பு விழா தள்ளிப்போன கதையையும் சொல்லிவிடுங்கள், இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. 2009 ஜனவரியில் திறக்க இருந்தார்கள். அளந்து பார்த்தால் சில இடங்களில் நடைமேடைக்கும் ரயிலுக்கும் நடுவே இடைவெளி, மாற்றுத்திறனாளிகள் சட்டம் அனுமதிக்கும் 3 அங்குலத்தைத் தாண்டியது. மிஞ்சியது ஓர் அங்குலம் அளவு. அரை மீட்டர் பள்ளத்திலிருந்து தப்பிக்கக் கட்டிய நிலையம், ஓர் அங்குலத்தில் மாட்டிக்கொண்டு மார்ச் வரை காத்திருந்தது.

#13 · பாட்டரிக்கரை

ஹாஹா. ஆனால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, அந்த இடைவெளியில் திரும்பினால் மாட்டிக்கொள்ளும். பழைய நிலையத்துக்கு லிஃப்டே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2009இல் கிடைத்த லிஃப்ட், பக்கத்து வைட்ஹால் தெரு நிலையத்துக்குள் மறுகட்டணம் இல்லாமல் மாறும் வழி இரண்டும் 1 பயணிகளுக்குப் புதிது. இரும்புப்பூனையின் வாதத்தில் இவை விடுபட்டுவிட்டன.

#14 · நீர்மட்டம்

சாண்டிக்கு வருவோம். பாட்டரி பூங்காக் கரையில் கடல் மட்டம் அளக்கும் அளவுகோலில் தண்ணீர் ஏறியது ஏறக்குறைய 14 அடி, கடல் வற்றும் நேரத்துச் சராசரி மட்டத்திலிருந்து. அதற்கு முந்தைய உச்சம் 1960இல் டோனா புயலின்போது 10 அடிதான். அதாவது பழைய உச்சத்தை நான்கு அடி தாண்டியது. படகுத்துறையும் நிலைய வாசலும் கடலிலிருந்து கூப்பிடு தூரம்.

ரயில்களை முந்தின நாள், 28ஆம் தேதி மாலை 7 மணியிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். வாசல்களை ஒட்டுப்பலகையாலும் மணல் மூட்டையாலும் அடைத்திருந்தார்கள். நின்ற தண்ணீரை அது கொஞ்ச நேரம் தடுக்கும். ஆனால் வந்தது அலையோடு மிதந்த பெரிய மரக்கட்டைகள். பலகை உடைந்தது, பிறகு தடுக்க ஒன்றுமில்லை.

உள்ளே போனது 1.45 கோடி கேலன், நம் கணக்கில் 5.5 கோடி லிட்டர். ஆழம் 80 அடிவரை. ஒப்பிட ஓர் எண்: மழையே இல்லாத நாளில் நியூயார்க் சுரங்கப் பாதை முழுவதும் சேர்ந்து இறைக்கும் தண்ணீர் 1.3 கோடி கேலன். மொத்த நகரத்தின் ஒரு நாள் இறைப்பைவிட அதிகம் இந்த ஒரு நிலையத்தில் நின்றது.

பழையது ஏன் தப்பியது என்று #1இல் கேட்டிருந்தீர்கள். முதல் காரணம் எளிது: அது மேலே இருக்கிறது, புதியது அதற்குக் கீழே. தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும். கட்டிய அன்றே புதிய நிலையம் அந்தப் பகுதிக்கே தண்ணீர் சேரும் குழி ஆகிவிட்டது.

#15 · ரிலேக்காரன்

இரண்டாவது காரணத்தை நான் சொல்கிறேன், அதுதான் பெரியது: பழையதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. புதியதில் சிக்னல் ரிலே அறை, மின்பகிர்வு, விசிறி நிலையம், எஸ்கலேட்டர், லிஃப்ட், தகவல் தொடர்பு எல்லாம் நிலத்தடியிலேயே. ரிலேக்கள் (சிக்னலை இயக்கும் மின்காந்த சுவிட்சுகள்) மட்டும் 700 அளவு, எல்லாம் போயின.

"காய வைத்துத் திரும்பப் போட முடியாதா" என்று எப்போதும் கேட்பார்கள். நல்ல தண்ணீரானால் யோசிக்கலாம். கடல் தண்ணீரில் முடியாது, காரணம் இரண்டு.

ஒன்று, உப்பு காய்ந்த பிறகும் ஈரப்பதத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முனையங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று மின்சாரம் கசியும். பாதுகாப்பு ரிலேவின் அடிப்படையே "மின்சாரம் நின்றால் ஆர்மேச்சர் (உள்ளே அசையும் இரும்புத் துண்டு) தன் எடையில் கீழே விழும், சிக்னல் சிவப்பாகும்" என்பது. கசிவு மின்சாரம் அதைத் தூக்கியே பிடித்துக்கொண்டால் தடத்தில் ரயில் இருக்கும்போதே பச்சை விழலாம். சிக்னல்காரர்கள் கனவில்கூட விரும்பாத கோளாறு அது. வேலை செய்யாத ரிலேயை மாற்றிவிடலாம். தப்பாக வேலை செய்வதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டு, அரிப்பு தண்ணீருக்குள் இருக்கும்போது மெதுவாகத்தான் நடக்கும். இறைத்த பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈர உப்பும் சேரும்போதுதான் வேகமெடுக்கும். செம்பும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடங்கள் முதலில் போகும்.

#16 · நீர்மட்டம்

அதனால்தான் மூழ்கிய நிலையத்தை மீட்பதில் வரிசை முக்கியம். பொதுவான நடைமுறை இது:

ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாம் தண்டவாளம் உட்பட எல்லா மின்சாரமும் துண்டித்து, துண்டித்ததைப் பூட்டு.
இறைக்கத் தொடங்கு, ஆனால் வெளியே நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது உள்ளே சட்டென்று காலி செய்யாதே. உள்ளிருந்த எதிரழுத்தம் போய்விட்டால் சுவரும் தளமும் வெளி அழுத்தத்தைத் தனியாகத் தாங்க வேண்டும்.
மட்டம் இறங்க இறங்க, வெளியே வரும் கருவிகளை உடனுக்குடன் நல்ல தண்ணீரால் கழுவு. இறைக்கும் ஆள் ஒரு பக்கம், கழுவும் ஆள் அடுத்த வாரம் என்றால் இடைப்பட்ட நாளில் துரு தின்றுவிடும்.
சேற்றை அள்ளு. தண்டவாளக் கட்டைக்கு அடியில் தங்கும் சேறு தடச் சுற்றில் (தடத்தில் ரயில் இருப்பதைக் கண்டறியும் மின்சுற்றில்) குறுக்குக் கசிவை உண்டாக்கும்.
காய வை, பிறகு கேபிள் ஒவ்வொன்றுக்கும் காப்புத் தடை சோதனை. குழாய்களுக்குள் நிற்கும் தண்ணீரை மறந்தால் ஆறு மாதம் கழித்துக் கேபிள் வெடிக்கும்.
கான்கிரீட்டில் குளோரைடு (கடல் உப்பு) எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார். கம்பிவரை போயிருந்தால் அது பல ஆண்டு கழித்துக் காட்டும் நோய்.

புயலுக்கு முன்னாலேயே கழற்றக்கூடிய கருவிகளைக் கழற்றி மேலே கொண்டுபோவது இதெல்லாவற்றையும்விட மலிவு.

#17 · கடைசிப்பெட்டி

இடைப்பட்ட ஐந்து மாதம் பற்றி ஒரு வரி. 1 ரயில் முந்தைய நிலையமான ரெக்டர் தெருவோடு முடிந்தது. அங்கே திரும்பக் கிராஸ்ஓவர் வசதி இல்லை. பயணிகளை இறக்கிவிட்டுக் காலி ரயில் பழைய வளையத்தைச் சுற்றித்தான் திரும்பியது. ஆக, நிலையமாகத் திறப்பதற்கு முன்பே வளையம் வேலைக்கு வந்துவிட்டது. 2009இல் புதிய தடத்தைப் போட்டபோது பழைய தடத்தின் இணைப்பைப் பிடுங்காமல் விட்டார்களே, அங்கேதான் பிழைத்தது.

நிலையமாகத் திறக்க ஆன செலவு 20 லட்சம் டாலர் அளவு. பலகைகளைச் சரிசெய்தது, விளக்கு, கேமரா, டர்ன்ஸ்டைல், வைட்ஹால் பக்கம் போகப் புதிதாக ஓர் இணைப்பு வழி.

#18 · இரும்புப்பூனை

பார்த்தீர்களா! 20 லட்சத்தில் நான்கு ஆண்டு ஓடிய நிலையம். அந்தப் பக்கம் மறுகட்டுமானத்துக்கு மட்டும் 30 கோடிக்கு மேல். என் வாதம் நிற்கிறது.

#19 · ரிலேக்காரன்

நிற்கவில்லை, நொண்டுகிறது. அந்த நான்கு ஆண்டும் பயணிகள் மறுபடி ஐந்து பெட்டிக்குள் அடைந்தார்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் வெளியே நின்றார்கள். பழையது ஸ்டெப்னி டயர். ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அதிலேயே ஓடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் குறை சொல்வது வேறு இடத்தில். கடற்கரையில் 80 அடி பள்ளத்தில் நிலையம் கட்டும்போது, 1905இல் போலவே திறந்த படிக்கட்டும் நடைபாதைக் கம்பிவலைக் காற்றுத் துளைகளும் வைத்தார்கள். 1960இல் 10 அடி வந்த இடம் அது. வாசலில் ஒரு தடுப்புக்கதவு 2009இலேயே வைத்திருந்தால் அதன் விலை இந்த 30 கோடியில் தூசு.

#20 · நீர்மட்டம்

உடன்படுகிறேன். 2017இல் அதைத்தான் செய்தார்கள். தெரு வாசல்களில் இழுத்து மூடும் தடுப்புகள், சாண்டி அளவு தண்ணீரைத் தாங்கும்படி. ஆனால் வாசல் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் வாசலையே பேசுகிறார்கள். தண்ணீர் வரும் மற்ற வழிகளை எண்ணுங்கள்: காற்றுத் துளை, மேன்ஹோல், விசிறிக் கூண்டு, கேபிள் குழாய், கழிவுநீர்க் குழாய் வழி எதிர்த்து ஏறுவது, பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளம், அடுத்த நிலையத்தின் சுரங்கம். ஒன்பதை அடைத்துப் பத்தாவதை விட்டால் மூழ்குவதற்குக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். சவுத் ஃபெரியில் குழாய்களையும் மேன்ஹோல்களையும் சேர்த்து அடைத்ததுதான் உண்மையான வேலை.

தடுப்புக்கதவுக்கு இன்னொரு நிபந்தனை: புயல் அறிவிப்பு வந்து ரயில்கள் நிறுத்தப்படும் நேரத்துக்குள் கையிலிருக்கும் ஆட்களால் மூடி முடிக்க வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் மூடிப் பார்க்க வேண்டும். ரப்பர் சீல் வெயிலில் வெடிக்கும், பள்ளத்தில் குப்பை சேரும், போல்ட் இறுகும். சோதிக்காத கதவு படத்துக்குத்தான்.

#21 · நாணல்

இத்தனைக்கும் பிறகு பழைய நிலையத்தில் இப்போது என்ன இருக்கிறது? உள்ளே போக முடியுமா?

#22 · சுண்ணாம்புச்சுவர்

பயணிகளுக்கு மூடியதுதான். உள் வளையம் மட்டும் உயிரோடு: பௌலிங் கிரீனில் முடியும் 5 ரயில்கள் அதைச் சுற்றித்தான் திரும்புகின்றன. பயணிகளை முன்பே இறக்கிவிடுவார்கள், அதனால் சிட்டி ஹாலில் 6 ரயிலில் உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்ப்பதுபோல இங்கே முடியாது.

வெளி நடைமேடைச் சுவரில் ஹைன்ஸ் அண்ட் லாஃபார்ஜ் வடிவமைத்த பீங்கான் ஓடுகள் இருக்கின்றன, பாய்மரப் படகு பொறித்தவை. அந்தக் கட்டடக்கலைஞர்கள் பல நிலையங்களுக்குத் தனித்தனி அடையாளப் படம் வைத்தார்கள். இங்கே துறைமுகம் என்பதால் படகு. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் நிலையத்தைக் கண்டுகொள்ளலாம். புதிய நிலையத்தில் டக், மைக் ஸ்டார்ன் என்ற இரட்டையர்களின் கண்ணாடிச் சுவர், மரக்கிளைகளின் நிழலுருவங்களோடு.

#23 · வளைவுமானி

#3இல் ஒரு திருத்தம். நடுக்கதவுக்கு அரை மீட்டர் என்றது 60 மீட்டர் ஆரத்துக்கு. ஆரத்தை 90 ஆக்கினால் இரண்டு விலகலும் 17 செ.மீ.க்கு இறங்கும், பள்ளம் 33 செ.மீ. ஆகும், பலகை அப்போதும் வேண்டும். 400 மீட்டர் ஆரத்தில்தான் 7.5 செ.மீ. வரும், அதாவது 3 அங்குலத்துக்குச் சற்றே உள்ளே. அதோடு சாதாரண இடத்தையும் கூட்டினால் அங்கேயும் தாண்டிவிடும். வளைவில் புதிய நடைமேடை கட்டக் கூடாது என்று இப்போதைய வடிவமைப்பாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இந்தக் கணக்கால்தான்.

#24 · கடைசிப்பெட்டி

யூனியன் ஸ்கொயரில் 4, 5, 6 நடைமேடையில் பலகைகள் இன்னும் நீண்டு திரும்பிக்கொண்டிருக்கின்றன. சவுத் ஃபெரியில் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே நின்று பாருங்கள். கதவு திறக்கும்முன் பலகை வருவதையும், மூடிய பிறகு அது உள்ளே போகும்வரை ரயில் அசையாமல் காத்திருப்பதையும் கடிகாரம் வைத்துக் கவனித்தால், ரிலேக்காரன் #10இல் சொன்ன விநாடிகள் எங்கே போயின என்று தெரியும்.